இறங்குவது பாரிஸில், விசா கேட்பது இத்தாலியிடம்

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "நானும் மனைவியும் முதல்முறையாக ஐரோப்பா போகிறோம், இன்னும் நாலு மாதம் இருக்கிறது. மே 10 காலை பாரிஸில் இறங்கி 4 இரவு, 14ஆம் தேதி ரயிலில் லண்டன் போய் அங்கே 3 இரவு, 17ஆம் தேதி விமானத்தில் சூரிச், சுவிட்சர்லாந்தில் 4 இரவு, அப்புறம் இத்தாலியில் 6 இரவு, மே 27 ரோமிலிருந்து திரும்புகிறோம். முதலில் இறங்குகிற நாட்டில்தான் ஷெங்கன் விசா போட வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். அப்பாயின்ட்மென்ட் எங்கே சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போடு என்கிறார் இன்னொருவர். எது சரி? என் இந்திய பாஸ்போர்ட் ஆகஸ்ட் 19 வரை இருக்கிறது, போதும்தானே?"

போதாது. கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் இது சரியாகாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் பகுதிதான் ஷெங்கன். அதன் விதிப்படி, நீங்கள் அந்தப் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் 3 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். நீங்கள் வெளியேறுவது மே 27. அப்படியானால் ஆகஸ்ட் 27 வரை வேண்டும், உங்களுடையது 19ஆம் தேதியே முடிகிறது. எட்டு நாள் குறை. பயணம் தொடங்கும் தேதியிலிருந்து மூன்று மாதம் எண்ணிப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பீர்கள், பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். இது தவிர, பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். காலாவதியாக ஓராண்டு இருக்கும்போதே இந்திய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுக்கலாம், ஆக உங்களுக்குத் தடை ஒன்றும் இல்லை. மனைவியின் பாஸ்போர்ட்டையும் எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை.

இப்போது எந்த நாடு என்ற விஷயம். நண்பர்கள் இரண்டு பேர் சொன்னதும் தவறு, ஆனால் முதலாமவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. எந்த ஷெங்கன் நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள் கணக்கு சமமாக வந்தால் மட்டும்தான் முதலில் கால் வைக்கிற நாடு. இந்த இரண்டாவது வரி மட்டும் ஊரெல்லாம் பரவி, முதல் வரி எங்கோ விட்டுப்போய்விட்டது. உங்கள் திட்டத்தில் பிரான்ஸ் 4 இரவு, சுவிட்சர்லாந்து 4, இத்தாலி 6. ஆக இத்தாலி. இத்தாலி கொடுத்த விசாவை வைத்துக்கொண்டு பாரிஸில் இறங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தாராளமாக இறங்கலாம், இத்தாலியில்தான் முதலில் இறங்க வேண்டும் என்று விதி கிடையாது.

அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிற நாட்டில் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். உண்மையான திட்டத்தைக் காட்டினால், "இது நாங்கள் பார்க்க வேண்டிய விண்ணப்பம் இல்லை" என்று அந்தத் தூதரகம் திருப்பிக் கொடுத்துவிடும், நாள்தான் வீணாகும். அதற்காக, போகாத ஊரில் ஆறு இரவு ஓட்டல் போட்டுக் காட்டி விசா வாங்கிவிட்டு எல்லாவற்றையும் ரத்து செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பொய்த் தகவல் கொடுத்து வாங்கிய விசாவை எல்லையிலேயே ரத்து செய்ய அதிகாரிக்கு உரிமை உண்டு. விண்ணப்ப விவரங்கள் ஐந்து ஆண்டு வரை பொதுத் தரவுத்தளத்தில் இருக்கும், எல்லா ஷெங்கன் நாட்டுத் தூதரகமும் அதைப் பார்க்கலாம். அப்பாயின்ட்மென்ட் நெருக்கடியைச் சமாளிக்க நேர்மையான வழி ஒன்றுதான், சீக்கிரம் தொடங்குவது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல அவர்களுக்கு வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை போகலாம். கடைசி 15 நாள் வரை காத்திருப்பவருக்கு இந்த 45 என்ற எண் மறந்துபோயிருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது லண்டன்தான், அதையும் நீங்கள் சந்தேகமாகவே கேட்கவில்லை. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. 29 நாடுகள் கொண்ட அந்தப் பகுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்து உண்டு, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் உண்டு, ஒன்றியத்தில் இருக்கிற அயர்லாந்தும் சைப்ரஸும் கிடையாது. ஆக லண்டனுக்குத் தனி விசா, தனிக் கட்டணம், தனியாகக் கைரேகை. இது பலருக்கும் தெரியும். தெரியாமல் மாட்டுவது அடுத்த கட்டத்தில்.

14ஆம் தேதி பாரிஸ் கார் து நோர் ரயில் நிலையத்தில் லண்டன் ரயில் ஏறும் முன்பே இரண்டு சோதனையும் முடிந்துவிடும். பிரெஞ்சு அதிகாரி நீங்கள் வெளியேறுவதாகப் பதிவு செய்வார், சில அடி தள்ளி பிரிட்டன் அதிகாரி உட்கார்ந்திருப்பார். அந்த முதல் கவுன்ட்டரைத் தாண்டியதும் நீங்கள் ஷெங்கனுக்கு வெளியே. உங்கள் விசா ஒரே நுழைவுக்கானது என்றால், அதில் இன்னும் எத்தனை நாள் பாக்கி இருந்தாலும் அது அங்கேயே தீர்ந்துபோனது. 17ஆம் தேதி லண்டனில் சூரிச் விமானத்துக்குச் செக்-இன் செய்யப் போனால் ஏற்ற மாட்டார்கள். சரியான விசா இல்லாதவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம், திருப்பிக் கொண்டுபோகும் செலவும் அவர்கள் தலையில், அதனால் அந்த ஊழியரிடம் கெஞ்சி ஒன்றும் ஆகாது. பாதிப் பயணம் லண்டனில் முடங்கும்.

எனவே விண்ணப்பப் படிவத்தில் எத்தனை முறை நுழைவு என்று கேட்கும் இடத்தில் இரண்டு அல்லது மல்ட்டிபிள் என்று குறியுங்கள், ஏன் என்பதையும் பயணத் திட்டத்தில் எழுதிக் காட்டுங்கள். என்னைக் கேட்டால், லண்டனில் பார்த்தே ஆக வேண்டிய சொந்தக்காரர் யாரும் இல்லாதபோது மூன்று இரவுக்காக இவ்வளவு சிரமம் தேவையில்லை, அந்த மூன்றையும் இத்தாலிக்குக் கொடுத்துவிடலாம். போயே தீருவேன் என்றால் பிரிட்டன் விசாவை முதலில் முடித்துவிடுங்கள். அது வழக்கமாக 6 மாதத்துக்குக் கிடைக்கும், முடிவு வர மூன்று வாரம் போல ஆகும். ஒரே பாஸ்போர்ட்டை ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் கொடுத்து வைக்க முடியாது. கையில் பிரிட்டன் விசாவோடு இத்தாலிக்கு விண்ணப்பித்தால், நடுவில் ஏன் வெளியே போய் வருகிறீர்கள் என்பதற்கும் பதில் தயாராக இருக்கும்.

மற்ற ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, விசா மறுக்கப்பட்டால் திரும்ப வராது, விண்ணப்ப மையம் வாங்கும் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். பணம் திரும்பக் கிடைக்காத விமான டிக்கெட்டை விசா வரும்முன் வாங்காதீர்கள், முன்பதிவு காட்டினால் போதும். வங்கிக் கணக்கில் கடைசி வாரம் யாரிடமோ கைமாற்று வாங்கி லட்சக்கணக்கில் போட்டு வைப்பது உதவாது. அதிகாரி பார்ப்பது மொத்தத் தொகையை மட்டும் இல்லை, அது எப்படி வந்து சேர்ந்தது என்பதையும்தான். மாதாமாதம் சம்பளம் வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த சிறிய தொகை, நேற்று முளைத்த பெரிய தொகையைவிட நன்றாகப் பேசும்.

விசா கைக்கு வந்ததும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரும்பாலானோர் புகைப்படம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது ஒன்று, தங்கும் நாட்கள் எத்தனை என்பது வேறொன்று, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பயணம் தள்ளிப்போனால் சமாளிக்க 15 நாள் சேர்த்தே செல்லுபடிக் காலத்தை வழக்கமாகக் குறிப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுக் கூடுதலாகத் தங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணிக்கையில் உள்ள நாள்தான் கணக்கு. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாளாகவே எண்ணப்படும். உங்களுக்கு மே 10 முதல் 14 வரை 5 நாள், 17 முதல் 27 வரை 11 நாள், மொத்தம் 16. ஸ்டிக்கரில் 15 என்று இருந்தால், இரவுகளைக் கூட்டினால் 14தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கிளம்பாதீர்கள், உடனே தூதரகத்துக்கு எழுதுங்கள். முன்பு மங்கிய முத்திரையைப் பார்த்துக் கையால் எண்ணினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக முத்திரைக்குப் பதில் முகப்படமும் கைரேகையும் பதிந்து கணினியே நாளை எண்ணுகிறது. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும்.

இதைப் படிக்கும் இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஷெங்கன் விமான நிலையத்தில் வெளியே வராமல் விமானம் மட்டும் மாறுவதற்கே உங்களுக்கு இடைநிற்றல் விசா வேண்டும், அந்தப் பொதுப் பட்டியலில் இருக்கும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா இருந்தால் விலக்கு உண்டு. டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று பாரிஸ் வழியாகப் போடும் முன் இதைப் பாருங்கள்.

விசா இருந்தாலும் எல்லையில் கேள்வி கேட்பார்கள், அதிலும் நீங்கள் இரண்டு முறை நுழைகிறீர்கள். சூரிச்சில் கேட்கப்போவது பாரிஸ் ஓட்டலை இல்லை, ரோம் ஓட்டலையும் 27ஆம் தேதி டிக்கெட்டையும். அவற்றின் நகலைப் பெட்டிக்குள் போட்டு லக்கேஜில் அனுப்பாமல் கைப்பையில் வையுங்கள். அதெல்லாம் மே மாதக் கவலை. இந்த வாரம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுங்கள், புது எண் வந்த பிறகுதான் இத்தாலிப் படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூட நம்பி நிரப்ப முடியும்.