டியூ என்றால் தவணை மட்டும்தானா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் டிஸ்பாட்ச் வேலை பார்க்கிறேன். சரக்கு வாங்கும் கம்பெனி அனுப்பிய மெயிலில் 'த கன்டெய்னர் இஸ் டியூ ஆன் ஃப்ரைடே' என்று இருந்தது. கன்டெய்னருக்கு என்ன டியூ பாக்கி என்று அக்கவுன்டன்டும் நானும் குழம்பிப்போனோம். மீதிப் பணம் 'இன் டியூ கோர்ஸ்' வருமாம். அது எப்போது?

பதில்: நம் பக்கம் டியூ என்றாலே வண்டிக்கடன்தான். 'டியூ கட்டியாச்சா?', 'இன்னும் நாலு டியூ இருக்கு' என்று மாதத் தவணைக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டோம். ஆங்கிலத்தில் தவணைக்கு இன்ஸ்டால்மென்ட் என்று தனிச் சொல் இருக்கிறது. கொடுத்தாக வேண்டியது, வந்தாக வேண்டியது எதுவானாலும் அது டியூ. கடனைச் சொல்லும் டெட், பற்று எழுதும் டெபிட், கடமையாகிய டியூட்டி எல்லாம் இதே லத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை.

ஆகவே உங்கள் கன்டெய்னர் வெள்ளிக்கிழமை வந்துசேர வேண்டும், அவ்வளவுதான். லோடிங்குக்கு ஆள் சொல்லி வையுங்கள். கூட வேலை பார்ப்பவர் 'மை ஒய்ஃப் இஸ் டியூ இன் ஆகஸ்ட்' என்றால், அவர் மனைவிக்கு ஆகஸ்டில் பிரசவம். ஃபைனான்ஸ்காரருக்கு அதில் வேலை இல்லை!

சண்டை வருவது இன்னொரு இடத்தில். 'பேமென்ட் இஸ் டியூ ஆன் த டென்த்' என்று யாராவது எழுதினால், பாக்கி வைத்துவிட்டதாகக் குத்திக்காட்டுகிறார்கள் என்று கோபப்படாதீர்கள். 10-ஆம் தேதி கெடு என்கிறார்கள். அது தாண்டினால்தான் ஓவர்டியூ. பேங்கில் வாங்கும் 'நோ டியூ' சான்றிதழில் மட்டும் நம் வழக்கத்துக்குப் பக்கத்தில் வருகிறது. பாக்கி எதுவும் இல்லை என்று பொருள்.

'டியூ டு ரெயின்' என்றால் மழையால். 'டியூ நார்த்' என்றால் நேர் வடக்கு. தருமபுரிக்குக் கிருஷ்ணகிரி ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது.

அப்புறம் அந்த 'இன் டியூ கோர்ஸ்'. உரிய காலத்தில் என்று அர்த்தம். கேட்க மரியாதையாக இருக்கும், தேதி மட்டும் இருக்காது. பெங்களூரா மாங்காய் போட்ட விவசாயிகளுக்குப் பட்டுவாடா செய்ய வேண்டிய நேரத்தில் இதை நம்பி உட்கார முடியாது. 'ப்ளீஸ் கன்ஃபர்ம் த டியூ டேட்' என்று ஒரு வரி பதில் போடுங்கள். தேதி வந்த பிறகு கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம்.