முகம் கழுவியதும் கன்னம் இழுத்துப் பிடிக்கிறதா?

கழுவி, நன்றாகத் துடைத்து, பத்து நிமிடம் கழித்து கிரீம் போடுவதாகவும் அதற்குள் கன்னம் இழுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து நிமிட இடைவெளியை முதலில் கைவிடுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். விரல் வைத்தால் லேசாக ஈரம் தெரியும்போதே கிரீமைத் தடவுங்கள்.

ஆனால் மூல காரணம் பெரும்பாலும் சோப்புதான். தோலின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு; 7-க்கு மேல் போனால் காரம்) சுமார் 5, சாதாரண சோப்புக் கட்டியுடையது 9 முதல் 10 வரை. அது அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடுகிறது. கழுவியபின் கன்னத்தைத் தேய்த்தால் 'கிரீச்' என்கிறதே, அதைச் சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள், பாவம் அந்தத் தோல்!

ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்று நாள் காலையில் வெறும் தண்ணீரில், வெதுவெதுப்பாகக்கூட வேண்டாம், கழுவுங்கள். இறுக்கம் இல்லையென்றால் குற்றவாளி சோப்புதான், வாசனை சேர்க்காத மென்மையான கிளென்சருக்கு மாறுங்கள். அப்புறமும் இழுத்தால் கிரீம் போதவில்லை என்று அர்த்தம், கிளிசரின் உள்ள கெட்டியான கிரீமாகப் பாருங்கள்.

பருவுக்கு ரெட்டினாய்டு, பென்சாயில் பெராக்சைடு ஏதாவது போடுகிறீர்களா? அவையே தோலை வறட்டும். சிவந்து, எரிந்து, செதில் உரிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.