எல் அனட்சுயின் மூடிச் சிற்பங்கள்: கேள்வி பதில்

அனட்சுய் கானாக்காரரா, நைஜீரியரா?

மதுப்புட்டி மூடிகளைக் கம்பியால் கோத்து, துணிபோலச் சுவரில் தொங்கும் சிற்பங்கள் செய்பவர் அவர். பிறந்து படித்தது கானாவில். 1944இல் அன்யாகோவில் பிறந்து, குமாசியில் சிற்பம் பயின்றார். 1975இல் இன்சுக்காவிலுள்ள நைஜீரியப் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனவர், 2011இல் ஓய்வுபெறும்வரை அங்கேயே கற்பித்தார். பெயர் வாங்கித்தந்த படைப்புகளும் அங்கே உருவானவைதான்.

மூடிகளுக்கு முன் என்ன செய்தார்?

கானாவில், சந்தையில் பண்டம் பரப்பும் மரத்தட்டுகளில் சூட்டுக்கோலால் குறிகள் பொறித்தார். இன்சுக்காவில் உடைந்த பானை வடிவங்கள். 1980இல் அமெரிக்காவில் தங்கியிருந்தபோது மரம் அறுக்கும் இயந்திர வாளான செயின் சாவைக் கையிலெடுத்தார். அதன்பின் வந்த பலகைச் சிற்பங்களைக் கவனியுங்கள்: பட்டைகளின் வரிசையை மாற்றி அடுக்கலாம். ‘உருவம் நிலையாக இருக்க வேண்டியதில்லை’ என்ற எண்ணம் அங்கேயே இருக்கிறது.

மூடிகள் எப்படித் துணிபோல ஆகின்றன?

1998இல் ஊருக்கு வெளியே ஒரு பை நிறைய மதுப்புட்டி மூடிகள் அவருக்குக் கிடைத்தன. அலுமினியம் என்பதால் கையாலேயே வளையும். பக்கச் சுவரை வெட்டித் தட்டையாக்கினால் செவ்வகப் பட்டை. கழுத்து வளையத்தை முறுக்கினால் நாடா. மேல்வட்டம் அப்படியே நாணயம்போல. ஓரங்களில் துளையிட்டு, மெல்லிய செம்புக் கம்பியைக் கோத்து முறுக்குகிறார்கள். உதவியாளர்கள் சிறு சிறு பாளங்களாகக் கட்டித்தர, அவர் தரையில் பரப்பி, படமெடுத்துப் பார்த்து, இடம் மாற்றி மாற்றிக் கடைசியில் இணைக்கச் சொல்வார்.

மாணவர்களோடு செய்துபார்க்கிறோம். மடிக்கும்போது கம்பி அறுந்துவிடுகிறதே?

இறுக்கி முறுக்கியிருப்பீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைந்தால் எந்தக் கம்பியும் அறும். இரண்டு மூடிகளுக்கு நடுவே சற்று இடைவெளி விட்டால் வளைவு பரவலாகும். துளை ஓரத்தை ஒட்டி இருந்தால் தகடு கிழியும், கொஞ்சம் உள்ளே தள்ளிக் குத்துங்கள். கையுறை கட்டாயம். திறந்தவெளியில் தொங்கவிடாதீர்கள், ஈரத்தில் செம்பும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

ஒரே படைப்பு இடத்துக்கு இடம் வேறு மாதிரி தெரிகிறதே, ஏன்?

அவர் அப்படித்தான் விரும்புகிறார். மடித்துப் பெட்டியில் அனுப்பிவிடுவார். எங்கே சுருக்குவது, எங்கே தொய்யவிடுவது என்பதை மாட்டுபவர்களே தீர்மானிக்கலாம். பாய்போலத் தட்டையாக மாட்டினால் பாதி உயிர் போய்விடும் என்பது என் அபிப்பிராயம். மடிப்பின் நிழலில்தான் அந்த நிறங்கள் பேசும்.

கென்டே நெசவின் நகல் என்கிறார்களே?

கென்டே என்பது பல நிறப் பட்டைகளை இணைத்து நெய்யும் கானாத் துணி. அவருடைய தந்தையும் சகோதரர்களும் அதை நெய்தவர்கள், ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதோடு நிறுத்தினால் மூடியை, அது மதுப்புட்டியிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடுகிறோம். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஐரோப்பியர் பண்டமாற்றாகக் கொண்டுவந்தவற்றில் மதுவும் ஒன்று. அடிமை வணிகத்திலும் அது கைமாறியது.

நேரில் எங்கே பார்க்கலாம்?

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் ‘ஆண் துணி’, ‘பெண் துணி’ இரண்டும் உள்ளன. 2007 வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் இடம்பெற்ற ‘துசாசா 2’ நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. எப்போதும் காட்சியில் இருக்காது, விசாரித்துவிட்டுப் போங்கள். (2015இல் வெனிஸ் பினாலே அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதை வழங்கியது.)