பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்தான் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு வரம்பு என்கிறார்கள். எங்கள் கடற்கரை மணலிலேயே அதைவிட அதிகம். அப்படியென்றால் இந்த வரம்பை எப்படி வைத்தார்கள்?

நானும் மணவாளக்குறிச்சிப் பக்கத்து ஆள்தான், எக்ஸ்ரே டெக்னீஷியன். முதலில் ஒன்று: மண்ணிலிருந்து வருவதும், டாக்டர் எழுதிக்கொடுத்து எடுக்கும் ஸ்கேனும் அந்த 1-இல் சேராது. அணுமின் நிலையம் போன்ற ஒரு தொழில் நம் மேல் கூடுதலாக ஏற்றிவிடும் பங்குக்குத்தான் அந்த வரம்பு. மணலுக்கு வரம்பு போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

1934-இல் 'தாங்கும் அளவு' என்று நாளொன்றுக்கு 0.2 ராண்ட்ஜன் (அன்றைய கதிர்வீச்சு அலகு) வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே ஒன்றும் ஆகாது என்று நம்பிய காலம். அப்புறம் ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, வாங்கிய அளவு கூடக்கூடப் புற்றுநோயும் கூடியது. சுமார் 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே வந்தால் சிக்கல். எப்படியும் வரக்கூடிய புற்றுநோய்களின் கூட்டத்தில் இந்தச் சின்ன வித்தியாசம் தொலைந்துபோகிறது. அதனால் அதிக அளவுகளில் தெரிந்த அந்த ஏற்றக் கோட்டைச் சுழியம்வரை நேராக இழுத்துவிட்டார்கள். அது நிரூபணம் இல்லை, முன்ஜாக்கிரதை.

கோடு சுழியம்வரை போய்விட்டால் "எதுவரை பாதுகாப்பு?" என்று கேட்க முடியாது. "எதுவரை ஏற்கலாம்?" என்றுதான் கேட்கலாம். மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானை ஒதுக்கிவிட்டால் இயற்கையாகக் கிடைப்பதே ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கு 1 என்று பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் முடிவெடுத்தபோது இந்த ஒப்பீடும் ஒரு காரணம். எங்களைப் போன்ற பணியாளர்களுக்கு 50 ஆக இருந்ததை, குண்டுவீச்சில் பிழைத்தவர்கள் வாங்கிய கதிர்வீச்சுக் கணக்கைத் திருத்திய பிறகு, 1990-இல் ஐந்தாண்டுச் சராசரி 20 ஆக்கினார்கள். இந்தியாவில் எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது.

கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், மணல் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதைக் காட்டி வரம்பைத் தளர்த்தச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மண்ணில் இருப்பது எங்கள் பாட்டன் பூட்டன் காலத்து வாழ்க்கை. அதற்கு மேல் இன்னொருவர் லாபத்துக்காகச் சேர்ப்பது வேறு கணக்கு.

ஒருமுறை, நாங்கள் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜோடு, ஏப்ரனை (கதிர்த் தடுப்பு மேலாடை) எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டேன். அந்தக் காலாண்டு அளவு எகிறி, விளக்கம் எழுதச் சொன்னார்கள். "அறையில் இருந்தது நான் இல்லை, ஏப்ரன்தான்" என்று எழுதிக் கொடுத்தேன். நம்பவைக்க இரண்டு மாதம் ஆனது.