அதிக வாக்கு பெற்றும் ஹிலாரி கிளிண்டன் தோற்றது எப்படி?

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரம்ப்பைவிட 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைக் கூடுதலாகப் பெற்ற ஹிலாரி எப்படித் தோற்றார் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே நடப்பது நாடு தழுவிய ஒரே தேர்தல் அன்று. 50 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலுமாக 51 தனித்தனித் தேர்தல்கள் என்று கொள்வதே சரி. ஒவ்வொரு மாநிலத்துக்கும், நாடாளுமன்றக் கீழவையில் அதற்குள்ள இடங்களோடு மேலவையின் 2 இடங்களைக் கூட்டினால் வரும் எண்ணிக்கையில், அதிபரை முறைப்படி வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் உண்டு; தலைநகரின் 3 பேரையும் சேர்த்து மொத்தம் 538, வெற்றிக்கு 270. மெயின், நெப்ராஸ்கா நீங்கலாக எங்கும், ஒரே வாக்கில் முந்தியவருக்கும் அம்மாநிலத் தேர்வாளர்கள் அனைவரும் போய்ச் சேருவதால், கலிபோர்னியாவில் ஹிலாரி குவித்த 40 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசம், அம்மாநிலத்தின் 55 தேர்வாளர்களுக்கு மேல் எதையும் தரவில்லை. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 80,000க்கும் குறைவான வாக்குகளில் முந்திய டிரம்ப்போ 46 தேர்வாளர்களை அள்ளிக்கொண்டார்.