முதல் ரைஃபிள் .223ஆ, .308ஆ? பண்ணையில் நரியும் பன்றியும் சுடக் கிளம்பும் முன்

வாசகர் கேள்வி: ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் டப்போ பக்கம் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்பவரின் அப்பாவுக்கு 600 ஹெக்டேர் செம்மறிப் பண்ணை இருக்கிறது. முயலும் நரியும் நிறைய. நல்ல மழை பெய்த வருடங்களில் ஓடைப் பக்கம் காட்டுப்பன்றிக் கூட்டமும் வருகிறது. நீயே வந்து சுட்டுக்கொள் என்று அவர் சொல்லிவிட்டார். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. கடையில் .308 அளவுத் தோட்டா போடும் ரைஃபிள் வாங்குங்கள், எல்லாவற்றுக்கும் ஆகும் என்கிறார்கள். நண்பர் .223 போதும் என்கிறார். எதை வாங்குவது? நான் வார இறுதிகளில் போய்ச் சுட்டால் பன்றி உண்மையிலேயே குறையுமா?

இரண்டு கேள்விக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டியது ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் .223. பன்றி விஷயத்தில், நீங்கள் தனியாகப் போய்ச் சுட்டால் குறையாது, சில சமயம் நிலைமை மோசமாகக்கூட ஆகும். ஆனால் விவசாயி போடும் திட்டத்துக்குள் நீங்களும் ஓர் ஆளாகச் சேர்ந்தால் நல்ல பயன் உண்டு.

ரைஃபிளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் துப்பாக்கியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் பன்னிரண்டு வருடமாகப் பண்ணைகளுக்குப் போய் வருகிறேன், எப்போதும் விலங்கிலிருந்தும் தூரத்திலிருந்தும்தான் ஆரம்பிப்பேன். உங்கள் பண்ணையில் பத்து முறை விசையை அழுத்தினால் எட்டு முறை அது முயலுக்கோ நரிக்கோதான் இருக்கும். முயலை 50, 60 மீட்டரில் சுடுவீர்கள். நரி விசிலுக்கு மயங்கி 40 மீட்டருக்கும் வரும், மேய்ச்சல் வெளியின் மறு ஓரத்தில் 180 மீட்டரிலேயே நின்றும் விடும். இந்த வேலைக்கு .308 எதற்கு? சாதாரண 150 கிரெய்ன் (குண்டின் எடையை அளக்கும் சிறு அலகு) குண்டைப் போட்டால் அதன் உதை .223ஐப் போல ஏறத்தாழ நாலு மடங்கு. முதல் துப்பாக்கியிலேயே அந்த உதையை வாங்கிப் பழகுகிறவர்கள் பலர், வெடிக்கும் முன்பே கண்ணை மூடித் தோளைச் சுருக்கும் பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், அதை விடுவிக்க வருடக்கணக்கில் ஆகிறது. தோட்டா விலையும் சேர்ந்துகொள்கிறது, விலை கூடக்கூடப் பயிற்சி குறையும். பயிற்சி இல்லாதவர் சுட்டால் விலங்கு காயத்தோடு ஓடும். எனக்கு இந்த விஷயத்தில் சமரசமே கிடையாது: குடலில் அடிபட்டு ஓடிய நரி புதரில் இரண்டு நாள் கிடந்து சாகும், அதைக் கட்டுப்பாடு என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, .223 என்ன செய்யும்? 55 கிரெய்ன் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 980 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. 100 மீட்டருக்கு ஜீரோ செய்து, அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால் 200 மீட்டரில் 7, 8 சென்டிமீட்டர்தான் இறங்கும், அதாவது நரியின் நெஞ்சுக்குள்ளேயேதான் விழும், பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. .22 ரிம்ஃபயரை 50 மீட்டருக்கு ஜீரோ செய்தால் 100 மீட்டரில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கிவிடும், காற்றும் தள்ளும். முயலுக்கு அது அருமையான துப்பாக்கி, சத்தம் குறைவு, தோட்டா மலிவு. நரிக்கு மிக அருகில் தவிர அதை எடுக்காதீர்கள். பிற்பாடு இரண்டாவதாக ஒன்று வாங்கும் எண்ணம் வந்தால் .308 பக்கம் போகாமல் ஒரு .22 வாங்குங்கள். லித்கோ நகரில் 1912 முதல் ராணுவத்துக்கு ரைஃபிள் செய்துவந்த தொழிற்சாலையின் பெயரில் வரும் எல்ஏ 101, செக் நாட்டு சிஇசட் 457 இரண்டுமே நல்லவை. .223க்கு டிக்கா டி3எக்ஸ், ஹோவா 1500 இரண்டில் எது தோளுக்கும் கன்னத்துக்கும் இயல்பாகப் பொருந்துகிறதோ அதை எடுங்கள். இந்த இரண்டுமே உங்களை விட நன்றாகச் சுடும், என்னை விடவும் நன்றாகச் சுடும்.

கடையில் ஒரு விஷயம் கேளுங்கள், குண்டைச் சுழற்றிவிடும் குழலின் முறுக்கு எவ்வளவு என்று. 1:12 (12 அங்குலத்துக்கு ஒரு சுற்று) என்றால் 55 கிரெய்ன் வரைதான் சரியாக நிற்கும். 1:8 என்றால் கனமான குண்டுகளும் நேராகப் போகும். உங்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் பன்றி வரும்போது 60 முதல் 64 கிரெய்ன் வரையிலான, உள்ளே போய் மெதுவாக விரியும் வகைக் குண்டு தேவைப்படும். நரிக்குச் செய்த மெல்லிய உறைக் குண்டு, வளர்ந்த ஆண் பன்றியின் தோளில் இருக்கும் கவசம் போன்ற தடித்த தோலிலேயே சிதறிவிடும். சரியான குண்டோடு, 100 மீட்டருக்குள், பன்றி பக்கவாட்டில் நிற்கும்போது .223 போதும். பன்றியின் இதயம் நாம் நினைப்பதை விடக் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவில், முன்னால் தள்ளி இருக்கிறது. மான் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் பின்னால் சுட்டு வயிற்றில் அடித்துவிடுவார்கள். நேராக உங்களைப் பார்த்து நிற்கிறதா, பின்பக்கம் காட்டுகிறதா, சுடாதீர்கள். அது திரும்பும்வரை காத்திருங்கள்.

பின்னாளில் மான் வேட்டைக்கு விக்டோரியா போக ஆசை வந்தால் அப்போது .308ஐப் பற்றிப் பேசலாம். கடமானுக்கு (சாம்பர்) அங்கே சட்டப்படி குறைந்தபட்சம் .270 விட்டமும் 130 கிரெய்ன் குண்டும் வேண்டும், ஃபேலோ மானுக்கு .243உம் 80 கிரெய்னும். .223ஐ எடுத்துக்கொண்டு அங்கே போக முடியாது. ஆனால் இல்லாத மானுக்காக இன்றைக்கே தோள் வலிக்க வேண்டாம்.

ஸ்கோப் 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மிமீ லென்ஸ்) போதும். துப்பாக்கியில் மிச்சம் பிடித்தாவது ஸ்கோப்பின் கண்ணாடிக்குச் செலவு செய்யுங்கள், நரி வெளியே வரத் தொடங்குவது அந்தி மங்கும் அரைமணி நேரத்தில்தான்.

சட்டம். 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வந்த தேசியத் துப்பாக்கி உடன்படிக்கைதான் இன்றைக்கும் அடித்தளம். உரிமத்தில் ரிம்ஃபயர் (.22 போல, தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிப்பது) ரைஃபிள் ஏ பிரிவு, சென்டர்ஃபயர் (.223 போல, நடுவில் அடித்து வெடிப்பது) போல்ட் ஆக்‌ஷன் பி பிரிவு, இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். தானாகத் தோட்டா ஏற்றும் ரைஃபிள் பொழுதுபோக்கு வேட்டைக்காரருக்குக் கிடையாது, சத்தத்தை அடக்கும் குழாயும் கிடையாது. தற்காப்பு என்று காரணம் எழுதினால் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். உங்கள் காரணம் பொழுதுபோக்கு வேட்டை மற்றும் தீங்குயிர்க் கட்டுப்பாடு, அதற்கு அந்தப் பண்ணைக்காரரிடமிருந்து எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ச்சொல் செல்லாது. பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு, உரிமம், அப்புறம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியாக வாங்கும் அனுமதி, முதல் துப்பாக்கிக்கு 28 நாள் காத்திருப்பு. இரும்புப் பெட்டி 150 கிலோவுக்குக் குறைவென்றால் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும், தோட்டா வேறு பூட்டில். 2025 டிசம்பரில் சிட்னியின் போண்டை கடற்கரையில் நடந்த கொடூரத் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸில் விதிகள் இன்னும் இறுகியிருக்கின்றன, எனவே பணம் கட்டும் முன் காவல்துறையின் துப்பாக்கிப் பதிவகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள், குடியுரிமை சம்பந்தமான கேள்வியையும் சேர்த்து. அரசுக் காடுகளில் வேட்டையாட ஆர் லைசென்ஸ் என்று தனியாக ஒன்று வேண்டும், ஆரஞ்சு உடை, ஜிபிஎஸ், முன்பதிவு எல்லாம் அதில் அடக்கம், இரவு வேட்டை அங்கே கூடாது. உங்களுக்குப் பண்ணை இருக்கும்போது இப்போதைக்கு அது வேண்டியதில்லை.

இனி பன்றி. இந்தப் பன்றிகள் 1788இல் பிரிட்டிஷ் குடியேற்றத்தின் முதல் கப்பல்களோடு வந்த வீட்டுப்பன்றிகளிலிருந்து தொடங்கிக் காட்டில் பரவியவை. முயலோ வேட்டைப் பொழுதுபோக்குக்கு என்றே கொண்டுவந்து விடப்பட்டது: 1859இல் விக்டோரியாவில் பார்வன் பார்க் என்ற தோட்டத்தில் தாமஸ் ஆஸ்டின் விட்ட 24 முயல்கள்தான் கண்டம் முழுக்கப் பரவிய படையெடுப்பின் ஆரம்பம். நரியும் குதிரை மேல் துரத்தி விளையாடக் கொண்டுவரப்பட்டதுதான். விளையாட்டுக்கு வந்த விலங்கை விளையாட்டாகவே தீர்த்துவிடலாம் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை, முயலைக் குறைத்தது 1950இல் மிக்ஸோமா வைரஸும் 1995இல் சோதனையிலிருந்து தப்பிப் பரவிய கலிசி வைரஸும், வளைகளை டிராக்டரால் கிழித்துப் போட்டதும்தான்.

தாய்ப்பன்றி நல்ல தீனி கிடைத்தால் வருடத்துக்கு இரண்டு ஈற்று ஈனும், ஈற்றுக்குச் சராசரியாக ஆறு குட்டி. ஒரு பகுதியில் எண்ணிக்கை குறைய வேண்டுமானால் வருடத்துக்கு 70 சதவீதத்தையாவது அகற்ற வேண்டும் என்பது கட்டுப்பாட்டு வேலையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. முப்பது பன்றி உள்ள ஓடையில் நீங்கள் மாதம் ஒன்றைச் சுட்டால் மீதி அந்த இழப்பை ஒரே ஈற்றில் ஈடுகட்டிவிடும், அதோடு விளக்கு வெளிச்சத்துக்கும் வண்டிச் சத்தத்துக்கும் பயந்து ஒளியக் கற்றுக்கொள்ளும்.

நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன், இன்றைக்கும் வருத்தம் இருக்கிறது. ஆரம்பத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு பண்ணையில், பக்கத்து விவசாயி கூண்டு வைக்கப் பத்து நாளாகப் புளித்த தானியம் போட்டுப் பன்றிகளைப் பழக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியாது, நான் கேட்கவும் இல்லை. ஒரு மாலை மேட்டிலிருந்து கூட்டத்தைப் பார்த்ததும் இரண்டை வீழ்த்திவிட்டு வெற்றியோடு வீடு திரும்பினேன். மீதிக் கூட்டம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை, ஐந்து வாரம் கழித்து மூன்று பண்ணை தள்ளிக் கோதுமையைக் கிளறியிருந்தன. ஒரே இரவில் கூண்டில் மாட்டியிருக்க வேண்டிய கூட்டம் அது.

அதனால் வரிசை இப்படித்தான் வர வேண்டும்: முதலில் பழக்குதீனி, பிறகு கூட்டத்தையே பிடிக்கும் பெரிய கூண்டு அல்லது விஷத்தீனி, அதுவும் பக்கத்துப் பண்ணைகளோடு ஒரே நேரத்தில். துப்பாக்கி கடைசியாக, தப்பிய ஒன்றிரண்டுக்கு. உங்கள் பண்ணைக்காரர் லோக்கல் லேண்ட் சர்வீசஸ் அலுவலகத்தோடு பேசியிருக்கிறாரா என்று கேளுங்கள், கூட்டுத் தீனித் திட்டங்களை ஒருங்கிணைப்பவர்கள் அவர்கள்தான். நீங்கள் உதவ விரும்பினால் கூண்டருகே கேமரா மாட்டுவது, தானியம் சுமப்பது, எத்தனை பன்றி வருகிறது என்று எண்ணி ஃபெரல்பிக்ஸ்கேன் செயலியில் பதிவது, இந்த வேலைகள்தான் ரைஃபிளை விடப் பெரிய உதவி. 1080 என்ற விஷம் கலந்த தீனி போட்டிருக்கிற வெளிக்கு உங்கள் நாயைத் தப்பித் தவறிக்கூடக் கூட்டிப் போகாதீர்கள், நாய்க்கு அது மிகச் சிறிய அளவிலேயே எமன். காட்டுப்பன்றியின் பச்சை இறைச்சியையும் நாய்க்குப் போட வேண்டாம், ப்ரூசெல்லா என்ற பாக்டீரியா நோய் வரும், உங்களுக்கும் வரும். வயிற்றைக் கிழிக்கும்போது கையுறை கட்டாயம். விலங்குகளிடமிருந்து தொற்றும் க்யூ காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது, செம்மறி, ஆடு, பன்றி என்று கைவைக்கப் போகிறவர் முன்னாலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

நரி வேறு கணக்கு. வருடத்துக்கு ஒரே ஈற்று, இணைசேர்வது ஜூன், ஜூலையில், குட்டி போடுவது ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். செம்மறி குட்டி ஈனும் மேய்ச்சல் வெளியைச் சுற்றி, அதற்கு முந்தைய சில வாரங்களில் நீங்கள் தொடர்ந்து போனால் அந்த வருடம் பிழைக்கும் குட்டிகளில் வித்தியாசம் தெரியும். உங்கள் .223 தன் விலையை அங்கேதான் சம்பாதிக்கும். ஸ்பாட்லைட்டில் மின்னும் கண்ணை மட்டும் வைத்துச் சுடாதீர்கள். செம்மறிக் குட்டிக்கும் கண் மின்னும், பண்ணை நாய்க்கும் மின்னும், வேலி தாண்டி வந்த பக்கத்து வீட்டுப் பூனைக்கும் மின்னும். உடம்பு முழுதும் தெரிந்து, பின்னால் மண்மேடு இருந்தால் மட்டும் சுடுங்கள். ஒரு .22 குண்டே 1.5 கிலோமீட்டர் போகக்கூடியது, .223 ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம்.

முதல் துப்பாக்கிக்குக் காத்திருக்கும் அந்த 28 நாளை வீணாக்காதீர்கள். பண்ணைக்காரரோடு வண்டியில் போங்கள், கையில் பைனாகுலரும் ஒரு வரைபடமும் போதும். முயல் வளை எங்கே, நரி எந்த வேலி இடுக்கில் நுழைகிறது, பன்றி எங்கே மண்ணைக் கிளறியிருக்கிறது என்று குறியுங்கள். அப்புறம் இருட்டிய பிறகு ஒரு முறை மேட்டில் ஏறி நின்று, சுற்றிலும் எந்தெந்தத் திசையில் வீட்டு விளக்கு தெரிகிறது என்று பாருங்கள். பகலில் வெறும் புல்வெளியாகத் தெரியும் திசையில் இரவில் இரண்டு விளக்கு எரிந்தால், அந்தத் திசையை வரைபடத்தில் சிவப்பில் அடித்துவிட்டு வாருங்கள்.