4294967297 பகா எண்ணா?

இல்லை. 4294967297 = 641 × 6700417. ஆனால் இதைப் பகா எண் என்று நம்பியவர் சாதாரண ஆள் இல்லை, பிரான்சின் கணித மேதை ஃபெர்மா!

நம் கணக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இரண்டை 32 முறை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது. 32க்குப் பதிலாக 1, 2, 4, 8, 16 முறை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் இதே குடும்பத்தில் இதற்கு முன் வரும் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும்; ஐந்துமே பகா எண்கள்தான். அதனால் இதுவும் அப்படித்தான் என்று 1640 வாக்கில் ஃபெர்மா எண்ணினார். 1732இல் சுவிட்சர்லாந்துக் கணித மேதை ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்.

எப்படி? இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே மாட்டிக்கொள்கிறது!

வகுத்தே பார்க்காமலும் நிறுவலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 641 = 5 × 128 + 1. அப்படியென்றால் 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸, மீதி 1. சரி, 5⁴ என்பது 625, அதாவது 641 − 16. ஆக 5⁴க்குப் பதில் −2⁴ போடலாம். இப்போது −2³²க்கு மீதி 1. அப்புறமென்ன, 2³² + 1 மீதியின்றி வகுபட்டே ஆக வேண்டும்.

இன்னொரு காரணியான 6700417 பகா எண்தான். இந்தக் குடும்பத்தில் முதல் ஐந்தைத் தவிர வேறு பகா எண் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை.